சாய்வும் பொருளும்: ஆவணத் தயாரிப்பு முறைமைகளில் நிமிர்ந்த கிரேக்கச் சிற்றெழுத்துகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

கணித, அறிவியல் நூல்களை அச்சிடுவதற்கு உலகெங்கும் பயன்படும் டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலும், அதன்மேல் எழுந்த லாடெக் என்னும் ஆவணத் தயாரிப்பு முறைமையும் கிரேக்கச் சிற்றெழுத்துகளைச் சாய்ந்த வடிவில் மட்டுமே இயல்பாக வழங்கின. இயற்பியல், வேதியியல், பொறியியல் துறைகளின் குறியீட்டு விதிகளோ அலகு, மாறிலி, துகள் ஆகியவற்றுக்கு நிமிர்ந்த எழுத்தை வேண்டின. இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது, பயனர்கள் அதனை எவ்வாறு கடந்தனர், இறுதியில் அது எவ்வாறு தீர்வு கண்டது என்பனவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. நிமிர்ந்த எழுத்து இல்லாமையைக் காட்டிலும், நிமிர்ந்ததும் சாய்ந்ததும் ஓர் இணையாக அமையாமையே உண்மைச் சிக்கல் என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: அச்சுக்கோப்பு, கிரேக்க எழுத்துகள், டெக், லாடெக், எழுத்துரு, ஒருங்குறி, அலகுக் குறியீடு

முன்னுரை

அச்சிட்ட பக்கத்தில் ஓர் எழுத்து நிமிர்ந்திருப்பதும் சாய்ந்திருப்பதும் பெரும்பாலும் அழகு பற்றிய செய்தியாகவே கருதப்படும். உரைநடையில் சாய்வெழுத்து ஒரு சொல்லை வலியுறுத்தவோ ஒரு நூலின் பெயரைப் பிரித்துக் காட்டவோ உதவுகிறது. சாய்வை நீக்கினாலும் அந்தச் சொல் அதே சொல்லாகவே நிற்கும். அறிவியல் சமன்பாட்டில் நிலை வேறு. அங்குச் சாய்ந்த மியூ உராய்வுக் குணகத்தைக் குறிக்கலாம்; நிமிர்ந்த மியூ 'பத்து இலட்சத்தில் ஒரு பங்கு' என்னும் மைக்ரோ முன்னொட்டைக் குறிக்கும். சாய்ந்த ஒமேகா திண்மக் கோணம். நிமிர்ந்த ஒமேகா மின்தடையின் அலகாகிய ஓம். வடிவம் மாறினால் பொருளும் மாறுகிறது.

இத்தகைய வேறுபாட்டைப் பேணவேண்டிய கருவியே அதற்கு இடந்தராமல் பல ஆண்டுகள் இருந்தது. அதன் காரணத்தைக் கருவியை ஆக்கியவரின் கவனக்குறைவு என்று கொள்ளுதல் பொருந்தாது. கிரேக்க எழுத்தின் அச்சு மரபு, கணிதவியலாரின் வழக்கம், அக்காலக் கணினியின் இட நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்நிலையை உருவாக்கின. அவற்றை முறையே நோக்குவோம்.

கிரேக்க எழுத்தின் அச்சு மரபு

கிரேக்கப் பேரெழுத்துகள் கல்வெட்டு மரபில் உருவானவை. நேர்கோடுகளாலும் நிமிர்ந்த நிலையாலும் அமைந்தவை. சிற்றெழுத்துகளோ கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் பைசாந்தியப் படியெடுப்போரின் விரைவான கையெழுத்திலிருந்து நிலைபெற்றவை. வளைவும் ஓட்டமும் அவற்றின் இயல்பு. ஆகவே ஒரே நெடுங்கணக்கின் இரு வரிசைகள் வெவ்வேறு கருவிகளின் பிள்ளைகள். ஒன்று உளியின் வழி வந்தது, மற்றொன்று எழுதுகோலின் வழி வந்தது.

அச்சுக்கலை தோன்றிய பின்னர் இவ்வேறுபாடு உலோக அச்சிலும் தொடர்ந்தது. வெனிசு நகரில் அல்டஸ் மனூஷியஸ் 1495 முதல் வெளியிட்ட கிரேக்க நூல்களின் எழுத்துகள் அறிஞர்களின் கையெழுத்தை ஒட்டி வெட்டப்பட்டவை. 1540களில் பிரெஞ்சு மன்னருக்காகக் குளோத் கரமோன் வெட்டிய 'அரசக் கிரேக்கம்' எனப்படும் எழுத்துகளும் கையெழுத்து ஓட்டத்தையே பின்பற்றின. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிச்சர்ட் போர்சனின் கையெழுத்தைக் கொண்டு அமைந்த வகை பரவலாயிற்று. அது சற்றே சாய்ந்தது. நிமிர்ந்த சிற்றெழுத்துகளும் இல்லாமல் இல்லை. பாரிசில் டிடோ குடும்பத்தார் வார்த்த வகை கிரேக்க நாட்டு அச்சகங்களில் ஊன்றியது. 1927இல் விக்டர் ஸ்கோல்டரர் உருவாக்கிய 'நியூ ஹெலெனிக்' வகையும் நிமிர்ந்ததே.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. இலத்தீன் எழுத்தில் 16ஆம் நூற்றாண்டு முதல் நிமிரெழுத்தும் சாய்வெழுத்தும் ஒன்றுக்கொன்று துணையாக, ஒரே பக்கத்தில் பணிப்பிரிவு செய்துகொண்டன. கிரேக்க அச்சில் அத்தகைய இணை மரபாக வளரவில்லை. ஓர் அச்சகத்திடம் சாய்ந்த வகை இருந்தது. மற்றோர் அச்சகத்திடம் நிமிர்ந்த வகை இருந்தது. இரண்டையும் ஒரே குடும்பமாக வெட்டிப் பொருள் வேறுபாட்டுக்குப் பயன்படுத்தும் தேவை இலக்கிய நூல்களில் எழவில்லை.

அறிவியலின் விதி

அத்தேவை அறிவியலிலிருந்து வந்தது. 1706இல் வில்லியம் ஜோன்ஸ் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் பை என்னும் எழுத்தால் குறித்தார். ஆய்லர் அதனை எடுத்தாண்டு பரப்பினார். 1867இல் வில்லியம் ஹென்றி பிரீஸ் ஓம் என்னும் அலகுக்கு ஒமேகாவை முன்மொழிந்தார். 1879இல் அனைத்துலக எடை அளவைக் குழு மீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரானுக்கு மியூவை ஏற்றது. 1960இல் அனைத்துலக அலகு முறை நிறுவப்பட்டபோது அதே எழுத்து எல்லா அலகுகளுக்கும் உரிய மைக்ரோ முன்னொட்டாக இடம்பெற்றது. தனி அலகாக நின்ற மைக்ரான் 1967இல் கைவிடப்பட்டது.

குறியீடுகள் பெருகியபோது வடிவ விதியும் தேவைப்பட்டது. 1948இல் கூடிய ஒன்பதாவது அளவை பொது மாநாடு அலகுக் குறியீடுகள் நிமிரெழுத்தில் அமையவேண்டும் எனத் தீர்மானித்தது. அளந்தறியும் கணியங்களின் குறியீடுகள் சாய்வெழுத்தில் அமைவது வழக்கம். பிற்காலத்தில் அனைத்துலகத் தரநிர்ணய அமைப்பின் 31ஆம் தரத்தின் 11ஆம் பகுதியும், 2009இல் அதன் இடத்தைப் பெற்ற 80000 வரிசையின் 2ஆம் பகுதியும் இவ்விதியைக் கணிதக் குறியீடுகளுக்கும் விரித்தன. இவற்றின்படி மாறிகள் சாயும். மதிப்பு மாறாத மாறிலிகளும் வரையறுத்த சார்புகளும் நிமிரும். எனவே வட்டத்தின் பை நிமிரவேண்டும். காமாச் சார்பும் நிமிரவேண்டும். இயற்பியலாரின் அனைத்துலக ஒன்றியம் மியூவான், பையான் முதலிய அடிப்படைத் துகள்களின் குறியீடுகளுக்கும் நிமிர்ந்த வடிவையே விதித்தது.

கணிதவியலார் எல்லோரும் இவ்விதியைப் பின்பற்றினர் எனல் இயலாது. தூய கணித நூல்களில் பை சாய்ந்தே வந்தது. படிப்பவர் அதனால் இடர்ப்படவும் இல்லை. பிரெஞ்சு அச்சு மரபோ இலத்தீன் பேரெழுத்துகளையும் கிரேக்க எழுத்துகள் அனைத்தையும் நிமிர்த்தி, இலத்தீன் சிற்றெழுத்துகளை மட்டும் சாய்த்தது. ஆக, ஒரே எழுத்துக்குக் கணிதவியலாரிடம் ஒரு வழக்கும், இயற்பியலாரிடம் ஒரு விதியும், பிரெஞ்சு நூல்களில் வேறொரு மரபும் நிலவின.

டெக் நிரலின் தோற்றமும் தெரிவும்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு க்னூத் 1977இல் தம் 'கணினி நிரலாக்கக் கலை' நூலின் இரண்டாம் தொகுதிக்குரிய புதிய பதிப்பின் மெய்ப்பைக் கண்டார். முதற்பதிப்பு உலோக அச்சில் நேர்த்தியாக வந்திருந்தது. ஒளி அச்சில் உருவான புதிய மெய்ப்பின் தரம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. கணிதத்தை அழகாக அச்சிடும் நிரலைத் தாமே எழுத முனைந்தார். அதன் விளைவே டெக். அதன் பெயரே டௌ, எப்சிலோன், கை என்னும் மூன்று கிரேக்க எழுத்துகளாலானது. எழுத்துகளை வரைய மெட்டாஃபான்ட் என்னும் துணை நிரலையும், அதனைக் கொண்டு கம்ப்யூட்டர் மாடர்ன் என்னும் எழுத்துரு குடும்பத்தையும் அவர் ஆக்கினார். அக்குடும்பத்திற்கு மோனோடைப் நிறுவனத்தின் மாடர்ன் 8ஏ என்னும் உலோக எழுத்து முன்மாதிரியாயிற்று.

கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் 128 இடங்களுக்குள் அடங்கின. இந்த நெருக்கடியில் எந்த எழுத்துக்கு இடம் தருவது என்பது கணக்கிட்டுச் செய்யவேண்டிய தெரிவாயிற்று. இருபத்து நான்கு கிரேக்கப் பேரெழுத்துகளில் 13 எழுத்துகள் இலத்தீன் எழுத்துகளின் உருவையே ஒத்தவை. அவற்றுக்குத் தனியிடம் தேவைப்படவில்லை. காமா முதல் ஒமேகா வரையிலான எஞ்சிய 11 எழுத்துகள் நிமிர் எழுத்துருவில் 0 முதல் 10 வரையான இடங்களைப் பெற்றன. கணிதச் சாய்வு எழுத்துருவிலும் அதே இடங்களைப் பெற்றன. சிற்றெழுத்துகளில் ஒமிக்ரோன் இலத்தீன் ஓ போன்றிருப்பதால் விடப்பட்டது. மற்ற 23 எழுத்துகளும் 6 மாற்று வடிவங்களும் கணிதச் சாய்வு எழுத்துருவில் 11 முதல் 39 வரையான இடங்களில் அமர்ந்தன. நிமிர் எழுத்துருவில் அவ்விடங்களை உயிர்க்குறிகளும் கூட்டெழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் ஏற்கெனவே நிரப்பியிருந்தன.

இந்த இட ஒதுக்கீடு நிரலின் உள்விதியிலும் பதிந்தது. டெக் ஒவ்வொரு கணிதக் குறியீட்டையும் ஒரு வகையிலும் ஓர் எழுத்துருக் குடும்பத்திலும் சேர்க்கிறது. ஏழாம் வகையைச் சேர்ந்த குறியீடு, பயனர் எழுத்துருவை மாற்றினால் தானும் மாறும். பேரெழுத்துகள் இவ்வகையில் வைக்கப்பட்டதால், காமாவை நிமிர்த்தவும் சாய்க்கவும் தடிப்பிக்கவும் முடிந்தது. சிற்றெழுத்துகளோ சாய்வுக் குடும்பத்தில் நிலையாகப் பிணைக்கப்பட்டன. நிமிர்வடிவக் கட்டளையை மியூவின்மேல் ஏவினாலும் அது சாய்ந்தே நிற்கும்.

இப்பிணைப்பு ஒரு பாதுகாப்பும் ஆகும். சாய்வு எழுத்துருவில் மியூ இருக்கும் 22ஆம் இடத்தில், நிமிர் எழுத்துருவில் உயிரெழுத்தின் மேல் இடப்படும் நெடிற்கோடு இருந்தது. சிற்றெழுத்தும் ஏழாம் வகையில் வைக்கப்பட்டிருந்தால், நிமிர்த்த முயன்றவருக்கு மியூவுக்குப் பதிலாக ஒரு சிறு கோடு மட்டுமே அச்சாகியிருக்கும். தவறான குறியைத் தருவதைவிடச் சாய்ந்த மியூவைத் தருவது பாதுகாப்பானது.

இதன் விளைவாக ஒரு வினோத நிலை உண்டாயிற்று. இயல்பு நிலையில் டெக் ஒமேகாவை நிமிர்த்தியும் மியூவைச் சாய்த்தும் தந்தது. ஓம் அலகுக்கு அது சரி; திண்மக் கோணத்துக்குத் தரநிர்ணய விதிப்படி பிழை. உராய்வுக் குணகத்துக்கு அது சரி. மைக்ரோ முன்னொட்டுக்குப் பிழை. முதல் பிழையைத் திருத்த வழி இருந்தது. இரண்டாவதைத் திருத்த வழி இல்லை.

ஆய்லர் எழுத்துரு: மறு எல்லை

க்னூத்தின் சூழலில் நிமிர்ந்த கிரேக்கச் சிற்றெழுத்துகள் இல்லாமலே போய்விட்டன என்று கொள்வதற்கில்லை. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் வேண்டுகோளின்பேரில், செருமானிய எழுத்துக்கலைஞர் ஹெர்மான் சாப்ஃப் 1980களின் முற்பகுதியில் ஆய்லர் என்னும் எழுத்துருக் குடும்பத்தை வரைந்தார். ஸ்டான்ஃபோர்டில் க்னூத்தின் ஒத்துழைப்புடன் அது கணினி வடிவம் பெற்றது. கரும்பலகையில் கணிதவியலார் ஒருவர் தெளிவாக எழுதும் கையெழுத்தே அதன் உள்ளக்கருத்து. அதன் எழுத்துகள், கிரேக்கச் சிற்றெழுத்துகள் உட்பட, நிமிர்ந்தவை. கிரஹாம், க்னூத், பட்டாஷ்னிக் ஆகிய மூவர் எழுதிய 'கான்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்' என்னும் நூல் இவ்வெழுத்துருவில் அச்சானது. அதனுடன் பொருந்துமாறு உரைக்கென ஒரு தனி எழுத்துருவையும் க்னூத் ஆக்கினார்.

ஆயினும் ஆய்லர் சிக்கலைத் தீர்க்கவில்லை. கம்ப்யூட்டர் மாடர்னில் கிரேக்கச் சிற்றெழுத்துகள் அனைத்தும் சாய்ந்தன. ஆய்லரில் அனைத்தும் நிமிர்ந்தன. இரண்டிலும் வேறுபாட்டுக்கு இடமில்லை. உராய்வுக் குணகமும் மைக்ரோவும் ஒரே பக்கத்தில் வரும்போது, இரண்டும் சாய்ந்திருந்தாலும் குழப்பமே. இரண்டும் நிமிர்ந்திருந்தாலும் குழப்பமே. தேவைப்பட்டது ஓர் இணை.

லாடெக் பயனர்களின் இரவல் வழிகள்

லெஸ்லி லாம்போர்ட் ஆக்கிய லாடெக் முறைமையின் கையேடு 1986இல் வெளிவந்தது. எழுத்தாளர் தம் ஆவணத்தின் பொருளமைப்பை அறிவித்தால் போதும், அதன் தோற்றத்தை முறைமை கவனித்துக்கொள்ளும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இதனால் டெக் கணிதவியலாரைக் கடந்து இயற்பியலார், வேதியியலார், பொறியியலார் ஆகியோரிடமும் பரவியது. கணித வழக்கின்படி அமைந்த இயல்புநிலை, விதி வேறுபட்ட துறையினரின் கைக்குச் சென்றது. 1994இல் புதிய லாடெக் பதிப்பு வந்தபோதும் அவ்வியல்புநிலையே தொடர்ந்தது. 1997இல் டெக் பயனர் குழுவின் 'டக்போட்' இதழில் இத்தாலியப் பொறியியல் பேராசிரியர் கிளாடியோ பெக்காரி, அனைத்துலகத் தரத்திற்கேற்பக் கணிதத்தை அச்சிடுவது குறித்துத் தனிக் கட்டுரையே எழுதினார். பொறியியலாருக்கு இது மெய்யான இடர்ப்பாடாக இருந்தமைக்கு அக்கட்டுரை சான்றாகும்.

தீர்வு தேடியோர் மூன்று வழிகளைக் கையாண்டனர். ஒன்று, மியூவை மட்டும் பெறும் வழி. உரைக்குரிய துணைக் குறியீட்டு எழுத்துருவில் நிமிர்ந்த மியூ இருந்தது. அலகுகளுக்கு அது போதுமாயிருந்தது. பையானுக்கோ காமாக் கதிருக்கோ அது உதவவில்லை. இரண்டு, இரவல் வழி. வால்டர் ஷ்மிட் எழுதிய 'அப்கிரீக்' என்னும் தொகுப்பு ஆய்லரிலிருந்தோ, போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறிகளுடன் வந்த சிம்பல் எழுத்துருவிலிருந்தோ நிமிர்ந்த கிரேக்க எழுத்துகளை எடுத்துத் தந்தது. கோட்டின் தடிமனும் எழுத்தின் உயரமும் சுற்றியுள்ள எழுத்துகளோடு இயையாமையால், சிம்பல் எழுத்துகளைச் சற்றே சுருக்கிக்கொள்ளும் விருப்பத்தேர்வும் அதில் இடம்பெற்றது. மூன்று, கணித எழுத்துருவையே மாற்றும் வழி. பிரெஞ்சு மரபை ஒட்டி உருவான 'ஃபூரியே' தொகுப்பு நிமிர்ந்த, சாய்ந்த கிரேக்க எழுத்துகள் இரண்டையும் ஒரே குடும்பத்தில் கொண்டிருந்தது. இணை என்பது இங்குக் கைகூடியது. ஆனால் ஆவணத்தின் எழுத்துரு முழுவதையும் மாற்ற விரும்புவோருக்கே அது பயன்பட்டது.

பிழையின் விலை

இவ்வளவு முயற்சி எதற்கு என்னும் வினா எழலாம். சிம்பல் எழுத்துருவின் அமைப்பு அதற்கு விடை தருகிறது. அவ்வெழுத்துருவில் கிரேக்க எழுத்துகள் ஒலியால் நெருங்கிய இலத்தீன் எழுத்துகளின் இடங்களில் வைக்கப்பட்டன. மியூ இருக்கும் 109ஆம் இடம் பிற எழுத்துருக்களில் இலத்தீன் எம் என்னும் எழுத்துக்கு உரியது. கோப்பு வேறொரு கணினிக்குச் செல்லும்போதோ உரையாக மாற்றப்படும்போதோ எழுத்துருத் தகவல் உதிர்ந்துபோனால் மியூ எம் ஆகிவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராமாகும், அளவு ஆயிரம் மடங்கு பெருகும். இத்திரிபு அச்சில் எந்த அடையாளமும் விடாது. படிப்பவர் ஒரு முறையான அலகையே காண்பார்.

கையெழுத்திலும் இத்தகைய மயக்கம் நேர்வதுண்டு. அமெரிக்காவின் பாதுகாப்பான மருந்து நடைமுறைகளுக்கான நிறுவனம், மியூவைக் கொண்ட மைக்ரோகிராம் சுருக்கத்தை மில்லிகிராமாகப் பிழைபட வாசிக்க வாய்ப்புள்ள ஒன்றாகப் பட்டியலிட்டு, இலத்தீன் எழுத்துகளாலான சுருக்கத்தைப் பரிந்துரைத்துள்ளது. மருத்துவத் துறை எழுத்தையே கைவிட்டுத் தப்பியது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் அவ்வழி இல்லை. அவை எழுத்தைக் காத்தே ஆகவேண்டியிருந்தது.

ஒருங்குறியும் இணையின் நிறைவும்

எழுத்தின் அடையாளத்தை எழுத்துருவிலிருந்து பிரித்த ஒருங்குறி இவ்வரலாற்றில் அடுத்த கட்டம். பழைய குறியேற்றங்களோடு இயைந்துபோவதற்காக ஒருங்குறி மைக்ரோ குறிக்கு 181ஆம் எண்ணையும், கிரேக்க மியூவுக்கு 956ஆம் எண்ணையும் தனித்தனியே கொண்டது. ஓம் குறிக்கு 8486, ஒமேகாவுக்கு 937 என அமைந்தது. ஓம் குறிக்குப் பதிலாகக் கிரேக்க எழுத்தையே பயன்படுத்துமாறு ஒருங்குறித் தரம் பரிந்துரைக்கிறது.

2001இல் வெளிவந்த ஒருங்குறி 3.1ஆம் பதிப்பு கணித எழுத்துகளுக்கெனத் தனித் தொகுதியைச் சேர்த்தது. அதில் சாய்ந்த ஆல்ஃபாவும் தடித்த ஆல்ஃபாவும் தனி எண்கள் பெற்றன; நிமிர்ந்த ஆல்ஃபாவுக்குப் பொதுக் கிரேக்கத் தொகுதியின் எண்ணே உரியதாயிற்று. பொதுவாக வடிவ வேறுபாட்டை எழுத்து வேறுபாடாக ஏற்காத ஒருங்குறி, கணிதத்தில் மட்டும் இவ்விலக்கை அளித்தது. கணிதத்தில் சாய்வு பொருள் உணர்த்துகிறது என்பதே அதற்குக் காரணம். அச்சகங்கள் வழக்கமாகவும் தரநிர்ணய அமைப்புகள் விதியாகவும் கொண்டிருந்த ஒன்று இங்கு எழுத்தின் அடையாளமாகவே ஏற்கப்பட்டது.

இந்த அடித்தளத்தின்மேல் ஸ்டிக்ஸ் முதலிய கணித எழுத்துருக்கள் எழுந்தன. ஒருங்குறியை நேரடியாகக் கையாளும் சீடெக், லுவாடெக் என்னும் நிரல்களில் இயங்கும் வில் ராபர்ட்சனின் 'யூனிகோடு-மேத்' தொகுப்பு நான்கு பாணிகளைப் பயனர்முன் வைத்தது: டெக் வழக்கம், அனைத்துலகத் தரம், பிரெஞ்சு மரபு, முழுவதும் நிமிர்ந்த பாணி. மூன்று நூற்றாண்டுக் கால வழக்குகள் ஒரே தொகுப்பின் விருப்பத்தேர்வுகளாக அருகருகே நின்றன. தனி எழுத்து ஒன்றை நிமிர்த்தவும் சாய்க்கவும் வெவ்வேறு கட்டளைகளும் கிடைத்தன.

வடிவம் கிடைத்தபின் எஞ்சியது அதனை முறையாகப் பயன்படுத்தும் ஒழுங்கு. ஜோசப் ரைட்டின் 'எஸ்ஐயூனிட்எக்ஸ்' தொகுப்பில் எழுத்தாளர் நிமிர்ந்த மியூவைக் கேட்பதில்லை. மைக்ரோ என்னும் பெயரையே எழுதுகிறார். எந்த எழுத்துருவிலிருந்து அதனை எடுப்பது என்பதைத் தொகுப்பு முடிவு செய்கிறது. தோற்றத்தை விட்டுப் பொருளை அறிவித்தல் என்னும் லாம்போர்ட்டின் தொடக்கக் கொள்கையே இங்கு ஓர் எழுத்தின் அளவில் செயற்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, டெக் நிரலில் நிமிர்ந்த கிரேக்கச் சிற்றெழுத்து இல்லாமை, கையெழுத்து வழிவந்த அச்சு மரபும் கணிதவியலாரின் வழக்கமும் 128 இட வரம்பும் சேர்ந்து விளைவித்த, அக்காலத்தில் நியாயமான தெரிவாகும். இரண்டாவதாக, அத்தெரிவு ஒரு துறையின் வழக்கத்தைக் கருவியின் உள்விதியாக்கியது. கருவி பிற துறைகளுக்குச் சென்றபோது அவ்விதியும் உடன் சென்றது. மூன்றாவதாக, ஆய்லர் எழுத்துரு காட்டுவதுபோல், நிமிர்ந்த வடிவம் மட்டும் போதாது. நிமிர்ந்ததும் சாய்ந்ததும் ஒரே குடும்பத்தில் அருகருகே நிற்கும்போதுதான் சாய்வு பொருளுணர்த்தும் ஆற்றலைப் பெறுகிறது.

தமிழில் எழுதப்படும் அறிவியல் பாடநூல்களும் சமன்பாடுகளில் இலத்தீன், கிரேக்கக் குறியீடுகளையே கையாளுகின்றன. உரை தமிழாயினும், மைக்ரோவுக்கும் உராய்வுக் குணகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு அங்கும் ஒரு சாய்விலேயே தங்கியுள்ளது. அச்சுக்கோப்பவர் அதனைப் பேணத் தவறினால் இழக்கப்படுவது பக்கத்தின் அழகன்று, குறியீட்டின் பொருளாகும்.